கேபிள் ட்ரே, லேடர்: அகலமும் பாரமும் கணக்கிடத் தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலைகளில் கேபிள் ட்ரேயை வாங்கும் முறை பெரும்பாலும் இதுதான்: "எத்தனை கேபிள் போகுது?" "ஒரு பதினாலு." "அப்போ 600 போட்டுருங்க." அகலம் வாய்வார்த்தையிலேயே முடிந்துவிடும். தாங்கிகளை எங்கே வைப்பது என்பதை வெல்டர் ஏணியில் நின்றபடி முடிவு செய்வார். கேபிளை இழுத்த பிறகு ட்ரே நடுவில் தொங்கினால், அல்லது ஆறு மாதம் கழித்து ஒரு கேபிள் புதிதாகப் போட இடமில்லாமல் போனால், அப்போதுதான் காகிதம் தேடுவார்கள். ஒரு மணி நேரக் கணக்கு இதைத் தவிர்த்துவிடும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரு நூற்பாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மெயின் பேனல் அறையிலிருந்து ரிங் ஃபிரேம் கொட்டகைக்கு 60 மீட்டர் ஓட்டம். வழியில் கார்டிங், ஈரப்பதம் கொடுக்கும் பிளான்ட், விளக்குப் பேனல்கள். பவர் கேபிள்கள் எல்லாம் 1.1 கே.வி. அலுமினிய எக்ஸ்எல்பிஇ ஆர்மர்டு வகை.

முதலில் ட்ரேயா, லேடரா?

துளையிட்ட தகட்டை இருபுறமும் மடித்தால் ட்ரே. இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே படிகள் வைத்தால் லேடர். சின்ன கேபிள்களுக்கும் கன்ட்ரோல் கேபிள்களுக்கும் ட்ரே வசதி. படிகளுக்கு நடுவே மெல்லிய கேபிள் தொய்ந்துவிடும். ட்ரேயில் அந்தக் கவலை இல்லை. பெரிய பவர் கேபிள்களுக்கு லேடர். காற்று அடியிலிருந்து மேலே போகும், கேபிளைப் படியோடு சேர்த்துக் கட்டலாம், எந்த இடத்திலும் கீழே இறக்கலாம்.

நூற்பாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பறக்கும் பஞ்சு அகலமான தகட்டு ட்ரேயில் மெத்தை போலப் படிந்துவிடும். அது கேபிளின் சூட்டை வெளியே விடாது, ஒரு தீப்பொறி போதும் பற்றிக்கொள்ள. லேடரில் பாதிக்கு மேல் கீழே விழுந்துவிடும், மீதியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். அதனால் இங்கே பவருக்கு லேடர், கன்ட்ரோலுக்குத் தனியாக ஒரு சின்ன ட்ரே.

படி 1: கேபிள் ஷெட்யூல்

ஒவ்வொரு கேபிளுக்கும் மூன்று எண்கள் வேண்டும்: எத்தனை, வெளிவிட்டம், ஒரு மீட்டருக்கு எடை. வெளிவிட்டத்தைச் சதுர மி.மீ. அளவிலிருந்து ஊகிக்காதீர்கள். கவசம் பட்டையா கம்பியா, எத்தனை கோர் என்பதைப் பொறுத்து அது மாறும். கேபிள் தயாரிப்பாளரின் பட்டியலில் இரண்டும் அச்சாகியிருக்கும். நம் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

- 3.5 கோர் 300 ச.மி.மீ. – 4 கேபிள், விட்டம் 62 மி.மீ., மீட்டருக்கு 5.2 கிலோ
- 3.5 கோர் 120 ச.மி.மீ. – 4 கேபிள், விட்டம் 42 மி.மீ., மீட்டருக்கு 2.5 கிலோ
- 4 கோர் 25 ச.மி.மீ. – 6 கேபிள், விட்டம் 25 மி.மீ., மீட்டருக்கு 1 கிலோ
- கன்ட்ரோல், 12 கோர் 1.5 ச.மி.மீ. தாமிரம் – 8 கேபிள், விட்டம் 20 மி.மீ., மீட்டருக்கு 0.75 கிலோ

கன்ட்ரோல் கேபிள்களைப் பவரோடு சேர்க்க வேண்டாம். இன்வெர்ட்டர் டிரைவுகள் நிறைந்த ஆலையில் சிக்னல் கெட்டுப்போவதற்கு அதுவே முதல் காரணம். தனி ட்ரே முடியாவிட்டால், நடுவே உலோகத் தடுப்பாவது இருக்க வேண்டும்.

படி 2: அகலம்

பவர் கேபிள்களை ஒரே அடுக்காகப் படுக்க வைக்கிறோம் என்பது அடிப்படை விதி. ஒன்றன் மேல் ஒன்று போட்டால் அடியில் உள்ளது வெந்துபோகும்.

விட்டங்களைக் கூட்டுவோம். 4 × 62 = 248. 4 × 42 = 168. 6 × 25 = 150. மொத்தம் 566 மி.மீ. இதோடு எதிர்காலத்துக்கு 25 சதவீதம் சேர்த்தால் 707.5 மி.மீ. ட்ரேயும் லேடரும் பொதுவாக 150, 300, 450, 600, 750, 900 மி.மீ. அகலங்களில் கிடைக்கும். ஆகவே 750. "பதினாலு கேபிள், 600 போதும்" என்ற வாய்க்கணக்கு இன்றைக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். முதல் விரிவாக்கத்திலேயே தோற்றிருக்கும்.

கன்ட்ரோல் கேபிளில் சூடு ஒரு பொருட்டில்லை, அதனால் அடுக்கலாம். அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி., துளையிட்ட ட்ரேயிலும் லேடரிலும் கன்ட்ரோல் கேபிள்களின் மொத்தக் குறுக்குப் பரப்பு ட்ரேயின் உட்பரப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நல்ல அளவுகோல் அது. 20 மி.மீ. கேபிளின் குறுக்குப் பரப்பு 314 ச.மி.மீ., எட்டுக்கு 2,512, உபரி சேர்த்து 3,140. 150 × 50 மி.மீ. ட்ரேயின் பரப்பு 7,500, அதில் பாதி 3,750. போதும்.

படி 3: சூட்டுக்குச் சரிபார்த்தல்

இடம் இருக்கிறது என்பதால் மட்டும் அகலம் சரியாகிவிடாது. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் கேபிள்கள் ஒன்றையொன்று சூடாக்கும். இதற்கான குறைப்புக் காரணிகள் ஐ.இ.சி. 60364-5-52 தரத்தில் உள்ளன. ஒரே லேடரில் ஒட்டிக் கிடக்கும் பல கோர் கேபிள்களுக்கு: 2 கேபிளுக்கு 0.87, மூன்றுக்கு 0.82, ஆறுக்கு 0.79, ஒன்பதுக்கு 0.78. பட்டியல் ஒன்பதோடு நின்றுவிடும். நம்மிடம் 14 இருப்பதால் 0.75 என்று எடுத்துக்கொள்கிறேன். கேபிள்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே அளவு மின்னோட்டம் என்ற அனுமானத்தில் வந்த எண்கள் இவை. கலப்பாக இருக்கும்போது கொஞ்சம் தாராளமாகக் குறைப்பதே பாதுகாப்பு.

நம் ஊர்ப் பட்டியல்கள் காற்றில் 40 டிகிரிக்குக் கணக்கிட்டவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதத்தில் 50 டிகிரி இருக்கும் என்று வைத்தால், எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு இன்னொரு 0.9 பெருக்க வேண்டும்.

300 ச.மி.மீ. கேபிளுக்குப் பட்டியல் 450 ஆம்பியர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 450 × 0.75 × 0.9 = 304 ஆம்பியர். ரிங் ஃபிரேம் பேனல் ஒன்று 260 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 750 லேடர் நிற்கும்.

அந்தப் பேனல் 350 இழுத்தால்? உடனே 400 ச.மி.மீ. கேபிளுக்கு ஓடுவார்கள். அதற்கு முன் லேடரைப் பாருங்கள். நான்கு 300-ஐயும் ஒரு விட்டம் இடைவெளி விட்டுத் தனி லேடரில் போட்டு, மற்றவற்றை 300 மி.மீ. கீழே இரண்டாவது லேடரில் வைத்தால், மேலே உள்ள நான்குக்கும் காரணி 0.97 ஆகிவிடும். 450 × 0.97 × 0.9 = 393 ஆம்பியர். அதே கேபிள், 89 ஆம்பியர் கூடுதல். கீழ் லேடரில் நெருங்கிக் கிடப்பவற்றுக்குக் காரணி 0.73 ஆகக் குறைவதையும் மறக்கக்கூடாது. லேடரின் விலை கேபிளின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. அகலத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் உலோகத்தில் இழக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஆலையிலும் எழுதி ஒட்டலாம் என்று தோன்றும் எனக்கு.

நம் கணக்கை 750 லேடரோடு தொடர்வோம்.

படி 4: ஒரு மீட்டர் பாரம்

கேபிள்கள்: 4 × 5.2 = 20.8, 4 × 2.5 = 10; 6 × 1 = 6. மொத்தம் 36.8 கிலோ. உபரி 25 சதவீதம் சேர்த்து மீட்டருக்கு 46 கிலோ.

லேடரின் சொந்த எடையைத் தகட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. 100 மி.மீ. உயரம், மேலும் கீழும் 25 மி.மீ. மடிப்பு, 2 மி.மீ. தடிமன் என்றால் ஒரு பக்கச் சட்டத்தின் விரிந்த அகலம் 150 மி.மீ. 0.15 × 0.002 × 7,850 = 2.36 கிலோ. இரண்டுக்கும் 4.7. படிகள் 80 மி.மீ. விரிந்த அகலத்தில், 250 மி.மீ.க்கு ஒன்று என்றால் மீட்டருக்கு நான்கு, அவை 3.8 கிலோ. நாகப்பூச்சும் சேர்த்து 9 கிலோ என்று வைக்கலாம்.

ஆக மொத்தம் 55 கிலோ. 9.81-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 540 நியூட்டன்.

ஒரு கவனம். தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள அனுமதிப் பாரம் பெரும்பாலும் சொந்த எடை போக, மேலே வைக்கக்கூடிய பாரத்தைத்தான் குறிக்கும். அதோடு ஒப்பிட வேண்டியது 46-ஐ. தாங்கிக்கும் ஆங்கருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது 55-ஐ. இரண்டையும் மாற்றிப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: தாங்கி இடைவெளி

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கேபிளின் எடை இரண்டு மடங்கானால் தொய்வும் இரண்டு மடங்குதான். இடைவெளி இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு.

ஒருமுறை ஒரு கொட்டகையில் லேடர் ஓட்டத்தின் குறுக்கே ஈரப்பதக் காற்றுக் குழாய் வந்துவிட்டது. அந்த இடத்தில் வர வேண்டிய ஒரே ஒரு பிராக்கெட்டை விட்டுவிட்டார்கள். "ஒண்ணுதானே சார்." 2.5 மீட்டர் 5 மீட்டராகிவிட்டது. கேபிள் ஏறிய மறுநாளே லேடர் தூளி போலத் தொங்கியது, நடுவில் இரண்டு துண்டுகளை இணைத்த கப்ளர் பிளேட்டின் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. வரைபடத்தில் அந்தக் குழாய் இருந்தது. நான் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தாங்கிப் புள்ளிகளை நானே நடந்து சென்று சாக்பீஸால் குறிக்கிறேன்.

இப்போது ட்ரேயையும் லேடரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 750 அகலம், 50 மி.மீ. உயரம், 2 மி.மீ. தகட்டு ட்ரே மீட்டருக்கு 13 கிலோ வரும். நம் லேடர் 9 கிலோ. கனமான ட்ரேதான் அதிகம் தாங்கும் என்று தோன்றும். வளைவை எதிர்க்கும் திறனைக் கணக்குப் போட்டால், லேடரின் இரண்டு சட்டங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 7,75,000 என்ற எண் வருகிறது. ட்ரேக்குத் துளைகளைக் கழிக்காமலே 1,60,000. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. பாரத்தைச் சுமப்பது பக்கச் சுவரின் உயரம். அடித்தகடு கேபிளுக்குப் படுக்கை மட்டுமே. 46 கிலோ கேபிளோடு 2.5 மீட்டர் இடைவெளியில் லேடரின் தொய்வு 2 மி.மீ.க்கும் கீழே, ட்ரேயின் தொய்வு 9 மி.மீ.க்கு மேல். அதோடு 750 மி.மீ. அகலத் தகடு குறுக்கிலும் குழிந்துவிடும். 600-க்கு மேல் அகலம் வேண்டுமென்றால் நான் ட்ரேயை யோசிப்பதே இல்லை.

இவை காகிதக் கணக்கு. இணைப்பின் நெகிழ்வும் மெல்லிய விளிம்பின் நெளிவும் இதில் வராது. அதனால்தான் சோதனை செய்த பட்டியல் தேவை. ஐ.இ.சி. 61537 தரத்தின்படி பாதுகாப்பான பாரம் என்றால், அந்தப் பாரத்தில் நீளவாட்டுத் தொய்வு இடைவெளியின் நூறில் ஒரு பங்கையும், குறுக்குத் தொய்வு அகலத்தின் இருபதில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது, 1.7 மடங்கு பாரம் ஏற்றினாலும் இடிந்து விழக்கூடாது. அமெரிக்க வரைபடம் வந்தால் "12சி" போன்ற குறியீட்டைப் பார்ப்பீர்கள். 12 அடி இடைவெளியில் அடிக்கு 100 பவுண்டு என்று பொருள், அதாவது 3.7 மீட்டர் இடைவெளியில் மீட்டருக்கு 149 கிலோ.

இணைப்பு எங்கே விழுகிறது?

நம் ஊரில் லேடர் பெரும்பாலும் 2.5 மீட்டர் நீளத்தில் வரும். பலர் தாங்கியை 2 மீட்டருக்கு ஒன்றாக வைப்பார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். சுவரிலிருந்து அளந்து பாருங்கள். தாங்கிகள் 0, 2, 4, 6, 8 மீட்டரில். இணைப்புகள் 2.5, 5, 7.5, 10-இல். இரண்டாவது இணைப்பு, 5 மீட்டரில், நேராக இரண்டு தாங்கிகளின் நடுவில். வளைக்கும் விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில் ஓட்டத்தின் பலவீனமான புள்ளி போய் உட்கார்ந்துகொள்கிறது.

இணைப்பு தாங்கியிலிருந்து இடைவெளியில் கால் பங்கு தூரத்தில் இருப்பது நல்லது. அங்கே வளைக்கும் விசை மிகக் குறைவு. ஆகவே இடைவெளியை லேடரின் நீளத்தோடு பொருத்துங்கள்: 2.5 மீட்டருக்கு ஒரு தாங்கி, இணைப்பு தாங்கியிலிருந்து 600 மி.மீ. தள்ளி. முதல் துண்டை மட்டும் வெட்டித் தொடங்கினால் 60 மீட்டருக்கும் அதே ஒழுங்கு வரும். ஓட்டத்தின் இரு முனை இடைவெளிகளையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். முனை இடைவெளிதான் நடு இடைவெளியைவிட அதிகம் தொய்யும். வளைவு, டீ பகுதிகளுக்கு இருபுறமும் தனித் தாங்கி உண்டு.

படி 6: ஆள் ஏறினால்?

ட்ரே நடைபாதை ஆகாது. அப்படி எழுதியும் வைக்க வேண்டும். ஆனாலும் கேபிள் இழுக்கும் நாளில் யாராவது ஒருவர் கால் வைப்பார். நடுவில் நிற்கும் ஒருவரின் எடையை இரண்டால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் அதற்குச் சமமான மீட்டர் பாரம் வரும். 90 கிலோ ஆள், 2.5 மீட்டர்: 2 × 90 ÷ 2.5 = 72 கிலோ. கேபிள் 46, ஆள் 72, மொத்தம் 118. ஆகவே 2.5 மீட்டர் இடைவெளியில் மீட்டருக்கு 120 கிலோ பாதுகாப்பான பாரம் உள்ள லேடரை நான் கேட்பேன். ஒரு மனித உயிருக்காக வைக்கும் இந்த இடத்தைப் பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 7: பிராக்கெட்டும் ஆங்கரும்

ஒரு தாங்கிக்கு 55 × 2.5 = 137.5 கிலோ. லேடர் தொடர்ச்சியாக ஓடுவதால் சில தாங்கிகளுக்கு 25 சதவீதம் வரை கூடும், 172 கிலோ. மேலிருந்து இரண்டு திரெட் ராடுகளில் தொங்கவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி, 86 கிலோ.

சுவர் பிராக்கெட்டில் கதை வேறு. லேடரின் நடு, சுவரிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கிறது. பிராக்கெட்டின் மேல் ஆங்கருக்கும் கீழ் விளிம்புக்கும் 150 மி.மீ. என்றால், மேல் ஆங்கரை வெளியே பிடுங்கும் விசை 172 × 400 ÷ 150 = 459 கிலோ. 172 கிலோவுக்கு ஆங்கர் வாங்கியவர் இதைப் பார்த்ததே இல்லை. கான்கிரீட் தூணில் நல்ல ஆங்கர் போல்ட் இதைத் தாங்கும். பழைய செங்கல் சுவரின் பூச்சில் தாங்காது. பிராக்கெட் தகட்டை உயரமாக்கி 300 மி.மீ. ஆக்கினால் விசை பாதியாகிவிடும். கூரையில் தொங்கவிடும் முன் டிரஸ்ஸைப் பற்றிக் கட்டட எஞ்சினியரிடம் கேளுங்கள். 60 மீட்டர் ஓட்டம் கூரைக்கு மூன்று டன்னுக்கு மேல் கூடுதல் எடை. பர்லினில் தொங்கவிடவே வேண்டாம்.

படி 8: வளைவுகள்

நேர் ஓட்டத்தை அழகாகக் கணக்கிட்டுவிட்டு, வளைவில் கடையில் இருந்ததை வாங்கிப் போடுவார்கள். ஐ.எஸ். 1255 படி, 1.1 கே.வி. பல கோர் கேபிளை அதன் வெளிவிட்டத்தின் 12 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக்கூடாது. 62 × 12 = 744 மி.மீ. 300 ஆர வளைவு இதற்கு உதவாது. உள் ஆரம் 750 அல்லது 900 வேண்டும், அதற்கான இடம் சுவர் மூலையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

இழுக்கும்போது வளைவில் பக்கவாட்டு விசையும் வரும். கேபிளை 2,000 நியூட்டன் விசையில் 750 மி.மீ. ஆரத்தில் இழுத்தால், வளைவின் உட்புறத்தை மீட்டருக்கு ஏறக்குறைய 270 கிலோ அழுத்தும். மொத்தக் கேபிள் எடையின் ஆறு மடங்கு, அதுவும் பக்கவாட்டில். வளைவில் உருளைகள் வைத்து, தற்காலிக முட்டும் கொடுத்த பிறகுதான் இழுக்கச் சொல்ல வேண்டும்.

வெளியில் ஓடும் ட்ரே

நம் உதாரணம் கூரைக்குள் இருக்கிறது. வெளியே ஓடினால் காற்றையும் சேர்க்க வேண்டும். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. அழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். சென்னையில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். மூடி போட்ட 750 அகல லேடருக்கு அடியில் அந்த அழுத்தம் முழுதும் விழுந்தால் மீட்டருக்கு 115 கிலோ மேல்நோக்கித் தூக்கும்; கேபிளும் லேடரும் சேர்ந்தே 55 கிலோதான். ஆகவே வெளியில் ஒவ்வொரு தாங்கியிலும் லேடரைக் கீழே பிடித்துவைக்கும் கிளாம்ப், மூடிக்குப் பட்டை. வெயிலில் எஃகு நீளும்: 100 மீட்டருக்கு 40 டிகிரி மாற்றத்தில் 48 மி.மீ. அளவுக்கு. விரிவு இணைப்புகள் இல்லாவிட்டால் ஆங்கரைப் பிடுங்கும் அல்லது லேடர் பக்கத்தில் நெளியும். கடலோரத்தில் சூடான துத்தநாகக் குளியல் பூச்சு, வெட்டிய ஓரங்களுக்குத் துத்தநாகப் பெயின்ட்.

கேபிள் ஏற்றும் முன்

ஓட்டம் முழுவதும் நூல் கட்டிப் பாருங்கள். காலி லேடரே தொய்ந்திருந்தால் தாங்கி விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு கப்ளரிலும் எல்லா போல்ட்டும் இருக்கிறதா, போல்ட் தலை உட்புறமாகவும் நட் வெளிப்புறமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரெட் முனை கேபிள் உறையைக் கிழிக்கும். 25 × 3 ஜி.ஐ. எர்த் பட்டை இரு முனையிலும் இணைந்திருக்க வேண்டும், விரிவு இணைப்பு இருக்கும் இடத்தில் வளையும் ஜம்பரும். பிறகு லேடரின் பக்கச் சட்டத்தில், பேனல் அறை முனையில், பெயின்ட்டில் எழுதுங்கள்: தாங்கி இடைவெளி 2.5 மீ., கேபிள் பாரம் மீட்டருக்கு 46 கிலோ, இப்போது உள்ளது 36.8. அடுத்த வருடம் புதிய கேபிளோடு வரும் எலக்ட்ரீஷியன் அந்த இடத்தில்தான் வந்து நிற்பார்.